‘ரன்’ என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா? எப்படிப் பிடிப்பது?

பீளமேடு_கணக்கர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கம் இருக்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள். ஆங்கிலம் எனக்குப் புதிதில்லை, ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் நானே உட்கார்ந்து பதில் எழுதிவிடுவேன். ஆனால் அங்கிருந்து வருகிற மெயில்களில் ‘ரன்’ என்ற சொல் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு பொருளில் வருகிறது. போன வாரம் வந்த ஒன்றைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறேன்:

“ஸாரி, ரன்னிங் லேட் டுடே. த லீஸ் ரன்ஸ் டு மார்ச், ஸோ ப்ளீஸ் ரன் த நம்பர்ஸ் அகெய்ன். த காஸ்ட்ஸ் மே ரன் இன்டு தௌசண்ட்ஸ். ஐ வில் ரன் இட் பை த டைரக்டர் அண்ட் தென் யூ கேன் ரன் வித் இட். வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்.”

ஒரே மெயிலில் ஏழு ரன்! மொத்தத்தில் என்ன சொல்ல வருகிறார் என்பது புரிகிறது, ஆனால் பதில் எழுதும்போது இதில் எதையும் தைரியமாக என் கையால் எழுத வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு ஃப்ரேஸல் வெர்ப் (வினையோடு அவுட், ஓவர் மாதிரிச் சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறுகிற தொடர்கள்) புத்தகத்தைக் கொடுத்து மனப்பாடம் செய் என்கிறார். இன்னொருவர், எல்லாவற்றையும் விட்டுத்தள்ளு, போகப் போக வந்துவிடும் என்கிறார். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. இந்தப் பொருள்களுக்கு உள்ளே ஏதாவது ஓர் ஒழுங்கு இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொல்வேட்டை எழுதியது:

ஒழுங்கு இருக்கிறது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள், இந்தச் சொல்லோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது சாதாரணச் சொல்லிடம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தபோது அதிலேயே மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. அப்புறம் அகராதியைத் திருத்திக்கொண்டே வந்தவர்கள் ‘ரன்’னுக்கு வந்தபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் உழைத்தார் என்று 2011இல் செய்தி வந்தது. அவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால் நமக்கு ஒரு புத்தகத்து மனப்பாடத்தில் வந்துவிடாது. அதனால் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

தமிழில் ‘ஓடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, கடை நன்றாக ஓடுகிறது, கடிகாரம் ஓடவில்லை, காலம் ஓடிவிட்டது, குடும்பம் எப்படியோ ஓடுகிறது. இதில் எதற்காவது நாம் அகராதி பார்த்தோமா? இவை அத்தனைக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’ பொருந்தும், அல்லது கொஞ்சம் வளைத்தால் பொருந்தும். லண்டனில் 1952இல் தொடங்கிய ஒரு மர்ம நாடகம், கொரோனா காலத்தில் மட்டும் நின்று, மற்றபடி இன்றுவரை ‘ரன்’ ஆகிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் படம் ஓடுகிற அதே ஓட்டம்தான் அது. கால் இருந்தால்தான் ஓட வேண்டும் என்பதில்லை, தடைப்படாமல் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தால் போதும் என்பது இரண்டு மொழிக்கும் பொது.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். தமிழில் தானாக ஓடினால் ‘ஓடு’, வேறொருவர் ஓட வைத்தால் ‘ஓட்டு’. பஸ் ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். ஒற்று ஒன்று கூடினால் போதும், யார் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த அடையாளம் இல்லை. த பஸ் ரன்ஸ், தே ரன் த பஸ், இரண்டும் ஒரே சொல். முன்பு அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு ஒரு வினை, ஓடச் செய்வதற்கு இன்னொரு வினை என்று தனித்தனியாகத்தான் இருந்தன, காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதன் சகோதர மொழியான ஜெர்மனில் இன்றும் இரண்டு சொல் உண்டு. ‘ரின்னன்’ என்றால் நீர் ஒழுகுவது. ‘ரென்னன்’ என்றால் காலால் ஓடுவது, ஆனால் அது ஆதியில் ‘ஓடச் செய்’ என்ற பொருளில் பிறந்த வினை. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே ‘ரன்’னுக்குள் வந்து விழுந்ததால்தான் இத்தனை கூட்டம்.

ஆகவே ‘ரன்’ வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது ஓடுவதா, ஓட்டுவதா? பின்னால் நேரடியாக ஒரு பொருள் இருந்தால், ரன் எ ஷாப், ரன் எ டெஸ்ட், ரன் எ ப்ரோக்ராம், அநேகமாக அது ‘ஓட்டு’. கடையை நடத்துவது, சோதனை செய்வது, நிரலை இயக்குவது என்று தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை போடுவோம், ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான். இயந்திரங்கள் பெருகப் பெருக இந்த வகைதான் மிக அதிகமாகப் பெருகியது.

இனி உங்கள் மெயில். ‘ரன்னிங் லேட்’ ரயிலிலிருந்து யோசித்தால் சுலபம். ரயில் ரெண்டு மணி நேரம் லேட்டாக ஓடுகிறது என்று நாமே சொல்கிறோம், அவர்கள் ஆளுக்கும் அதையே சொல்கிறார்கள், அவ்வளவுதான். ‘ரன் த நம்பர்ஸ்’ ஓட்டு வகை, கணக்கை ஒரு தடவை போட்டுப் பார். ‘லீஸ் ரன்ஸ் டு மார்ச்’, குத்தகை மார்ச் வரை செல்லும். இங்கே எதுவும் நகரவில்லை, கோடு மாதிரி நீள்கிறது. த ரோடு ரன்ஸ் அலாங் த ரிவர் என்பார்கள், நாம் ரோடு ஆற்றோரமாகப் போகிறது என்போம். ‘காஸ்ட்ஸ் மே ரன் இன்டு தௌசண்ட்ஸ்’ என்பதும் இந்த நீளுகிற வகையே, செலவு ஆயிரக்கணக்கில் போகலாம். ‘ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’ நீரிலிருந்து வந்த ஓட்டம், பாத்திரத்தில் இருப்பது ஒழுகித் தீர்கிற மாதிரி நேரம் தீர்கிறது.

‘ரன் இட் பை த டைரக்டர்’ என்பதற்குத் தமிழில் கச்சிதமாக ஒன்று இருக்கிறது: டைரக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். கவனியுங்கள், ‘அவர் காதில் போட்டு வைக்கிறேன்’ என்பது போதாது. காதில் போடுவது தகவல் சொல்வதோடு முடிந்துவிடும், ரன் பை என்றால் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த வேலை. அவர் சரி என்றால் ‘யூ கேன் ரன் வித் இட்’, நீங்கள் அதை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். ஆக, உங்களுக்கு அவர் சொல்லியிருப்பது: இன்னும் தொடங்காதீர்கள், டைரக்டர் பதிலுக்குக் காத்திருங்கள், ஆனால் கணக்கை மட்டும் இப்போதே போட்டு வையுங்கள்.

வார்டு_செவிலி எழுதியது:

சொல்வேட்டை அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் பர்மிங்ஹாமில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். மருத்துவத்தில் இந்தச் சொல் வருகிற விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தப்பாகப் புரிந்துகொண்டால் நோயாளிக்கு ஆபத்து.

‘ஷீ இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. நமக்குக் காய்ச்சல் அடிக்கும், அவர்களுக்கு ஓடும். மூக்கு நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ஓடும். ‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’ என்றால் பரம்பரையாக வருகிறது என்று அர்த்தம், சர்க்கரை, பிபி பற்றிக் கேட்கும்போது தினமும் காதில் விழும். ‘லெட்ஸ் ரன் சம் ப்ளட்ஸ்’ என்று டாக்டர் சொன்னால் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார். நோயாளி வெட்கப்பட்டுக்கொண்டு மெதுவாக ‘ஐ ஹேவ் த ரன்ஸ்’ என்றால் வயிற்றுப்போக்கு. இந்தக் கடைசியில் ‘த’ முக்கியம், அது இல்லாமல் அந்தப் பொருள் வராது.

புதிதாக வருகிற நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ‘ரன் ஓவர்’ பற்றி. ரோட்டில் ‘ஹி வாஸ் ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏறிவிட்டது. மீட்டிங் ‘ரேன் ஓவர்’ என்றால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. வார்டில் ‘ரன் இட் ஓவர் எய்ட் அவர்ஸ்’ என்றால் டிரிப்ஸை எட்டு மணி நேரத்தில் ஏற்றி முடி. ஒரு லிட்டர் சலைன் என்றால் மணிக்கு 125 மில்லி என்று பம்ப்பில் போட வேண்டும். இதே ‘ஓவர்’ சில மருந்துகளுக்கு ‘ஓவர் தர்ட்டி மினிட்ஸ்’ என்று வரும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், வேகமாக ஏற்றினால் உடம்பு தாங்காத மருந்துகள் இருக்கின்றன. அதனால் இங்கே ஓவர் என்றால் தாண்டுவது இல்லை, அந்த நேரம் முழுக்கப் பரவலாக என்று அழுத்திச் சொல்வேன். சந்தேகம் வந்தால் மணிக்கு எத்தனை மில்லி என்று எண்ணாகவே திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்வேன்.

இன்னொன்று, ‘ஐ ஃபீல் எ பிட் ரன் டவுன்’ என்றால் வண்டி இடித்துவிட்டது என்று பதற வேண்டாம், உடம்பு அசதியாக இருக்கிறது, தெம்பே இல்லை என்கிறார்கள்.

மரவேலை_திருப்பூர் எழுதியது:

எனக்கு ஆங்கிலம் அதிகம் வராது, ஆனால் படித்துக்கொண்டு வரும்போது ஒன்று தோன்றியது. சொல்வேட்டை மேடம் சொன்ன அந்த நீளுகிற ‘ரன்’ எங்கள் தொழிலில் தினமும் புழங்குகிறது. ஜன்னல் திரைக்கு மேலே வரும் பெல்மெட், சுவரின் அடியில் அடிக்கிற ஸ்கர்ட்டிங், மாடிக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் ரன்னிங் ஃபீட் கணக்கில்தான் கூலி பேசுவோம். அகலம், உயரம் பார்க்காமல் நீளவாக்கில் எத்தனை அடி போகிறது என்பதுதான் ரன்னிங் ஃபீட். சதுர அடி வேறு, ரன்னிங் ஃபீட் வேறு, இதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கினால் கடைசியில் பில் போடும்போது சண்டைதான். எங்கள் பக்கம் துணிக்கடையில் தானில் இருந்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பதையும் ரன்னிங் மெட்டீரியல் என்கிறார்கள். தையலில் ரன்னிங் ஸ்டிட்ச் என்பதும் நேராகப் போய்க்கொண்டே இருக்கிற தையல். குத்தகை மார்ச் வரை ‘ரன்’ ஆகிறது என்பது எனக்கு இதை வைத்து உடனே விளங்கிவிட்டது.

சேப்பாக்கம்_கேலரி எழுதியது:

கிரிக்கெட்டைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியக் கூடாது.

ஆதியில் மட்டையாளர்கள் இரு முனைக்கும் ஓடி எடுத்ததால் அது ‘ரன்’. 18ஆம் நூற்றாண்டில் ஸ்கோர் எழுதுகிறவர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டு வெட்டாகப் போட்டுக் கணக்கு வைப்பார், அதனால் அப்போது ரன்னை ‘நாட்ச்’ என்றும் சொன்னார்கள். இன்று பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நான்கு ரன், ஆனாலும் பெயர் மாறவில்லை. நம் பத்திரிகைகள் ரன் என்றே எழுதுகின்றன, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் பாருங்கள், அழகாக ‘ஓட்டங்கள்’ என்று போடுவார்கள்.

கணக்கர் தம்பிக்கு உதவுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். ‘வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. ‘ஹி வாஸ் ரன் அவுட்’ என்றால் ஆட்டமிழந்தான். சொல் ஒன்றே, ஆனால் முதலாவது நாமே தீர்ந்துபோன நிலைக்கு வருவது, அங்கே ‘ஆஃப்’ வரும். இரண்டாவது எதிரணி ஒருவரை வெளியேற்றுவது, அங்கே ‘வாஸ்’ வரும். இந்த ‘ஆஃப்’, ‘வாஸ்’ இரண்டையும் பார்த்தாலே குழப்பம் வராது. பந்து வீசுகிறவர் ஓடி வருவது ‘ரன்-அப்’, தேர்தலுக்கு முந்தைய நாட்களையும் ‘த ரன்-அப் டு த எலெக்‌ஷன்’ என்பார்கள், இரண்டும் ஒரு முக்கியமான கணத்தை நோக்கி வருகிற ஓட்டம்தானே.

அடிபட்ட மட்டையாளருக்காக இன்னொருவர் ஓடுவதை ‘ரன்னர்’ என்போம். சர்வதேச ஆட்டங்களில் 2011 அக்டோபரில் இருந்து அதை எடுத்துவிட்டார்கள். அது எடுக்கப்படக் கூடாத விதி என்பது என் திடமான கருத்து, ஆனால் அதை வேறு இழையில் பேசலாம்.

இலக்கணப்பிரியன் எழுதியது:

மனப்பாடம் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பொருளை ஊகித்துவிடலாம் சரி, ஆனால் கணக்கர் கேட்டது எழுத வரவில்லை என்று. எழுதும்போது சொல் எந்த இடத்தில் வரும் என்பது ஊகத்தில் வராது.

உதாரணமாக ‘ரன் இட் பை ஹிம்’ என்றுதான் எழுத முடியும். கேட்கப் போகிற விஷயம் நடுவில், கேட்கப்படுகிற ஆள் கடைசியில். விஷயத்தைச் சொல்லாமல் ‘ஐ வில் ரன் பை ஹிம்’ என்று எழுதினால் அவர் பக்கத்தால் ஓடுவேன் என்றாகிவிடும். ‘ரன் இன்டு’ பிரியாது, ‘ஐ ரேன் இன்டு ஹிம்’ என்றால் அவரை எதேச்சையாகச் சந்தித்தேன். பில் ஏற்றிக்கொண்டே போவது ‘ரன் அப் எ பில்’, அதையே ‘அது’ என்று சுட்டினால் ‘ரன் இட் அப்’, அதாவது இட் நடுவில் போக வேண்டும். ‘ரன் த்ரூ’வில் பொருளே இரண்டு: ‘லெட்ஸ் ரன் த்ரூ த ஃபிகர்ஸ்’ என்றால் எண்களை ஒரு தடவை வரிசையாகப் பார்த்துவிடலாம், ‘ஹி ரேன் த்ரூ ஹிஸ் மணி’ என்றால் கையில் இருந்ததைக் கரைத்துவிட்டான்.

இவற்றை வாக்கியத்தோடு எழுதி எழுதித்தான் கையில் ஏற்ற முடியும். பட்டியலாகப் படிக்க வேண்டாம், ஆனால் உழைப்பு உண்டு.

சொல்வேட்டை எழுதியது:

இலக்கணப்பிரியன் சொல்வதை ஏற்கிறேன், நான் புரிந்துகொள்வதைப் பற்றி மட்டுமே பேசியிருந்தேன். ஒன்று சேர்க்கிறேன். எழுதிப் பழகும்போது வந்த மெயிலில் இருந்தே வாக்கியங்களை எடுங்கள், புத்தகத்தில் இருந்து வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் எந்த ‘ரன்’னைப் பயன்படுத்துகிறாரோ அதுதான் உங்கள் வேலைக்குத் தேவைப்படுகிற ‘ரன்’. 645இல் உங்களுக்கு நாளும் தேவைப்படுவது மிகச் சில.

ஃபேர்ஃபாக்ஸ்_தமிழன் எழுதியது:

அமெரிக்காவில் இருந்து ஒரு குறிப்பு. இங்கே சில இடங்களில் பிரிட்டிஷ்காரர்களோடு ஒத்துப்போகாது, மான்செஸ்டருக்கு எழுதுகிறவர் தெரிந்துகொள்வது நல்லது. தேர்தலில் நிற்பதை இங்கே ‘ரன் ஃபார் ஆஃபீஸ்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்வார்கள், நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகையில் ‘கான்டெஸ்ட்’ செய்வார்கள். தமிழில் நாமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம், ஓடுவதில்லை. பெண்களின் மெல்லிய காலுறையில் நூல் விட்டுக் கோடாகக் கிழிவது இங்கே ‘ரன்’, அங்கே ‘லேடர்’. சிவப்பு விளக்கை மதிக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவது இங்கே ‘ரன் எ ரெட் லைட்’.

எனக்குப் பிடித்த ஒன்று: நான் இருக்கிற வர்ஜீனியாவில் ஓடைக்கே ‘ரன்’ என்று பெயர். வீட்டில் இருந்து கொஞ்ச தூரத்தில் புல் ரன் என்ற ஓடை ஓடுகிறது. பெரிய ஆறில்லை, சில இடங்களில் கல்லில் கால் வைத்துத் தாண்டலாம். உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலையில் இதன் கரையில் நடந்தது, மறு வருடம் ஆகஸ்டில் அதே இடத்தில் இன்னொன்று. வடக்கத்தியர் ஓடையின் பெயரால் அதைப் புல் ரன் போர் என்றார்கள், தெற்கத்தியர் பக்கத்து ஊரின் பெயரால் மனாசஸ் போர் என்றார்கள், இன்றும் இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. வரைபடத்தில் எங்கு பார்த்தாலும் ஏதோ ஒரு ‘ரன்’ இருக்கும், புதிதாக வருகிறவர்கள் நிறையப் பேர் எல்லாம் ஓட்டப்பந்தயப் பாதைகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நீர் ஓடுகிற இடம், அவ்வளவுதான். சொல்வேட்டை சொன்ன அந்தப் பழைய ‘ரின்னன்’ நினைவுக்கு வருகிறது.

முன்னாள்_வங்கிக்காரர் எழுதியது:

கணக்குத் துறையில் இருக்கிற தம்பி ‘ரன் ஆன் த பேங்க்’ என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். வங்கி மூழ்கிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க வருவது. எந்த வங்கியும் எல்லா டெபாசிட்டையும் ரொக்கமாகப் பெட்டியில் வைத்திருக்காது, கடனாகக் கொடுத்திருக்கும், பத்திரத்தில் போட்டிருக்கும், அதனால் நல்ல நிலையில் இருக்கிற வங்கிகூட இந்த ஓட்டத்தில் விழலாம். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் வயதானவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கச் சொல்லி வந்துவிட்டது, மறுநாள் வங்கியை மூடினார்கள். வரிசையே இல்லை, எல்லாம் ஃபோனில். ஆனாலும் அதற்குப் பெயர் ‘ரன்’தான். இங்கே ‘ஆன்’ என்ற சொல் கவனிக்க வேண்டியது. எதன் மேல் கூட்டம் பாய்கிறதோ அதன் முன்னால் வரும். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்று வதந்தி கிளம்பினால் ‘ரன் ஆன் பெட்ரோல்’.

பீளமேடு_கணக்கர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஓடு, ஓட்டு, நீள் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு இன்று காலை வந்த மெயில்களைப் பார்த்தேன், முக்கால்வாசி பிடிபடுகிறது. செவிலி அக்கா சொன்ன மாதிரி எண்ணைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்வதையும் தொடங்கிவிட்டேன்.

இரண்டு இடத்தில் இன்னும் இடிக்கிறது. ஒருவர் ஒரு கட்டடத்தை ‘ரன்-டவுன்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘கிவ் மீ எ ரன்டவுன் பை ஃப்ரைடே’ என்கிறார். எனக்குக் கட்டடத்தைப் பற்றியே ஏதோ கேட்கிறார் என்று தோன்றியது. இன்னொருவர் ‘த ஃபிகர்ஸ் ஆர் அப் த்ரீ மன்த்ஸ் ரன்னிங்’ என்று எழுதியிருக்கிறார். ‘ரன்னிங்’ ஏன் கடைசியில் வருகிறது?

சொல்வேட்டை எழுதியது:

முதலாவது: கட்டடம் ‘ரன்-டவுன்’ என்றால் பராமரிப்பில்லாமல் பாழடைந்து கிடக்கிறது. செவிலி சொன்ன உடம்பு அசதியும் இதுவே, சாவி கொடுத்த கடிகாரம் ஓடி ஓடி நின்றுபோகிற மாதிரி. ‘எ ரன்டவுன்’ என்று முன்னால் ‘எ’ போட்டு வந்தால் அது பெயர்ச்சொல், விவரத்தைச் சுருக்கமாக வரிசைப்படுத்திக் கொடு என்று கேட்கிறார். பேச்சில் கேட்டால் அழுத்தம் காட்டிக்கொடுக்கும்: பெயர்ச்சொல்லில் ‘ரன்’ அழுத்தமாக வரும், கட்டடத்துக்குச் சொல்லும்போது ‘டவுன்’ அழுத்தமாக வரும். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் அனுப்ப வேண்டியது ஒரு பக்கச் சுருக்கம். எதைப் பற்றி என்பது அந்த இரண்டு வரியில் இல்லை. கட்டடத்தின் செலவுக் கணக்கா, முழு வருடக் கணக்கா என்று ஒரு வரி கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

இரண்டாவது: காலத்தைச் சொல்லி அதற்குப் பின்னால் ‘ரன்னிங்’ வந்தால் ‘தொடர்ந்தாற்போல்’ என்று பொருள். மூன்று மாதம் இடைவெளி இல்லாமல் எண்கள் ஏறியிருக்கின்றன. ‘ரன்னிங் த்ரீ மன்த்ஸ்’ என்று முன்னால் மாற்றிப் போட்டால் அந்தப் பொருள் போய்விடும், அதனால் இடத்தை மாற்றாதீர்கள். ஆனால் ‘ரன்னிங் பேலன்ஸ்’, ‘ரன்னிங் டோட்டல்’ என்று வருகிறபோது முன்னால்தான் வரும், ஒவ்வொரு வரவு செலவுக்குப் பிறகும் கூட்டிக் கழித்துக் காட்டிக்கொண்டே போகிற இருப்பு. அது உங்கள் லெட்ஜரில் கடைசிப் பத்தியில் தினமும் இருக்கிறது. நம் ஊர்க் கான்ட்ராக்டர்கள் வேலை முடிய முடியப் போடுகிற ‘ரன்னிங் பில்’லும் இந்த வகை.

அந்த மூன்று மாத வாக்கியத்துக்குப் பதில் எழுதுவதானால் ‘அப் த்ரீ மன்த்ஸ் ரன்னிங், ஆஸ் யூ நோட்டட்’ என்று அவர் சொன்னதையே எடுத்துத் தொடங்குங்கள். எழுதியதும் இங்கே போடுங்கள், அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.